பெட்டி இல்லை, பில் இல்லை

மழை பன்னிரண்டாவது நாளாக விடவில்லை. கொட்டித் தீர்த்தாலாவது ஒரு வழியாக ஓய்ந்துபோகும். இது நசநசவென்று பெய்துகொண்டே, துணியைக் காயவிடாமல், மனுஷனையும் நிமிரவிடாமல் எல்லாரையும் அலுக்க வைத்துக்கொண்டிருந்தது. சந்தில் சாவி வெட்டுகிறவர் தன் மிஷின்மேல் பிளாஸ்டிக் உறையைப் போட்டு மூடிவிட்டு, போகிற வருகிற குடைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பக்கத்துக் கடையில் கடிகாரக்காரருக்கு இந்த மாதிரி நாட்கள் ஆகவே ஆகாது. காற்றில் ஈரம் இருந்தால் வாட்சைத் திறக்கவே யோசிக்க வேண்டும். சூடு காட்டாமல் மூடினால் மறுநாள் கண்ணாடிக்குள் ஆவி படர்ந்து நிற்கும். அதனால் மேசையின் அடி இழுப்பறைக்குள் ஒரு சின்ன பல்பை எரியவிட்டு, வாட்சுகளை அந்தச் சூட்டில் வைத்திருந்தார்.

"கோழி அடைகாக்குற மாதிரி இருக்குய்யா. எப்ப பொரிக்கும்?" என்பார் சாவிக்காரர்.

"பொரிச்சா உனக்கு ஒரு குஞ்சு தரேன்."

கடை என்றால் ஒரு மாடிப்படிக்கு அடியில் மிஞ்சிய இடம். முன்பக்கம் நிமிர்ந்து நிற்கலாம். உள்ளே போகப்போகக் கூரை இறங்கி, கடைசியில் உட்கார்ந்தால்தான் தலை தப்பும். இருபத்திரண்டு வருஷமாக அதற்குள் உட்கார்ந்து, வெளியே தெருவில் நடக்கும்போதுகூட அவர் தலையைக் கொஞ்சம் குனிந்தே நடப்பார்.

பழைய வாட்சுகளை வாங்கி, துடைத்து, ஓட வைத்து, அதில் ஆசை உள்ளவர்களுக்கு விற்பது அவர் பிழைப்பு. பெட்டி, பில், உத்தரவாத அட்டை எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறவர்கள் மெயின் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட கடைக்குப் போய்விடுவார்கள். அவரிடம் வருவதெல்லாம் வெறும் வாட்ச். பெட்டியை எந்தக் காலத்திலோ நூல்கண்டு போட்டுவைக்க எடுத்துக்கொண்டிருப்பார்கள். பில் கரையான் வாயில் போயிருக்கும். கொண்டுவருகிற ஆள், காகிதம் இல்லாத குறைக்கு ஒரு கதையைக் கொண்டுவருவான். கப்பலில் போன சித்தப்பா, கல்யாணத்துக்கு மாமனார் போட்டது, என்று. அவர் தலையாட்டிக்கொண்டே கதையை ஒரு காதில் வாங்கி, கண்ணில் லென்ஸை வைத்துப் பின்மூடியைத் திறப்பார். உள்ளே இருக்கிற மிஷினுக்கும் வெளிக்கூட்டுக்கும் வயது ஒத்துப்போகிறதா, டயலுக்கு மறுபடி பூச்சு ஏறியிருக்கிறதா, மினுக்குகிறேன் என்று எவனாவது விளிம்பைத் தேய்த்து மழுங்க அடித்திருக்கிறானா என்று பார்ப்பார். பின்மூடியின் உட்பக்கம், வாட்சைப் பழுதுபார்த்தவர்கள் ஊசியால் கீறி வைத்த தேதிகள் இருக்கும். அதை நிதானமாகப் படிப்பார்.

"ஆளு பொய் சொல்லுவான், பில்லு பொய் சொல்லும். பின்மூடிக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"பின்மூடியவே மாத்திட்டா?" என்று சாவிக்காரர் விடமாட்டார்.

"அப்ப மிஷின் காட்டிக்குடுக்கும்."

"மிஷினையும் மாத்திட்டா?"

"அப்புறம் என்னத்துக்குய்யா அந்த வாட்ச்?"

இவ்வளவு பார்த்து வாங்கினாலும் ஒரு நோட்டு வைத்திருந்தார். விற்கிறவர் தன் கையாலேயே இது தனக்கு எப்படி வந்தது என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அடையாள அட்டையின் நகல் ஒன்று தர வேண்டும். அந்த இரண்டு வரிக்குத் தயங்குகிற ஆளை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார். இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு வாட்சுக்குத்தான் அவர் நோட்டை எடுக்கவில்லை. அதைக் கொண்டுவந்தவன் அவருடைய மனைவியின் தம்பி.

அன்று மதியம், குடையை மடக்கி வாசலுக்கு வெளியே சாய்த்துவிட்டு ஓர் அம்மாள் உள்ளே வந்தார். ஐம்பது வயது இருக்கும். புடவைக் கொசுவம் முழங்கால்வரை நனைந்திருந்தது. தோளில் தொங்கிய பையில் திருத்துவதற்கான விடைத்தாள் கட்டு பிதுங்கிக்கொண்டிருந்தது.

"பழைய வாட்ச் வாங்குறது நீங்கதானே?"

"ஆமா. உக்காருங்க டீச்சர்."

டீச்சர் என்று அவர் குத்துமதிப்பாகத்தான் சொன்னார். அந்த அம்மாள் அதற்கு வியக்கவும் இல்லை.

"இது நாலாவது கடை. எங்கப்பா வாட்சைக் காணோம். யாராவது விக்கக் கொண்டுவந்தாங்களான்னு கேட்டுட்டு வரேன். ஸ்டீல் வாட்ச், சாவி குடுக்குறது. டயல் வெள்ளையா இருந்து இப்ப டீக்கறை மாதிரி ஆயிடுச்சு. கண்ணாடியில நாலு மணிகிட்ட ஒரு விரிசல் இருக்கும்."

கடிகாரக்காரரின் முழங்கை இழுப்பறைமேல் இருந்தது. அதை எடுக்காமலேயே கேட்டார்.

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"போனேன். பெட்டி இருக்கா, பில் இருக்கா, நம்பர் தெரியுமான்னாங்க. ஐம்பது வருஷத்துக்கு முந்தி வாங்கினதுக்கு நான் பில்லுக்கு எங்க போவேன்? அப்ப உங்களுதுன்னு எப்படிம்மா சொல்றீங்கங்கிறாங்க. அது அவர் கையிலேயே இருந்துச்சுங்க. கையில கிடக்குறதுக்கு யாராவது பில் வச்சிருப்பாங்களா?"

"யார் மேலயாவது சந்தேகம்..."

டீச்சர் விடைத்தாள் கட்டின் நனைந்த ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்கு வர்றது மூணு பேரு. சமைக்கிற அம்மா, கால் பயிற்சி குடுக்க வர்றவர், ராத்திரி அப்பாவைப் பார்த்துக்குற தம்பி. மூணு பேருமே எனக்கு வேணும். அதான் கஷ்டம்."

"ரெண்டு நாள் டைம் குடுங்க. விசாரிச்சுச் சொல்றேன்," என்றார் கடிகாரக்காரர். அது பொய் இல்லை. உண்மை என்றும் சொல்ல முடியாது. டீச்சர் வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பிறகு, இழுப்பறையைத் திறந்து பார்த்தார். டீக்கறை டயல், பல்பு வெளிச்சத்தில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது. விரிசல் விட்ட கண்ணாடியைக் கழற்றிப் புதுசு போட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மனைவி வேலையிலிருந்து வந்து, ஈரத் தலையோடு அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கைவிரிப்பு இஸ்திரி போடுகிற வேலை. நாள் முழுக்க ஆவியில் நின்று, முழங்கைவரை வேர்க்குரு பூத்து, விரல் நுனிகள் வெள்ளையாகச் சுருங்கியிருக்கும். இரண்டு அறை வீடு. கூரைக்குக் கீழே குறுக்கும் நெடுக்கும் கட்டிய கயிறுகளில் காயாத துணிகள் தொங்கின.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அரிசியை அடுப்பில் ஏற்றினாள்.

"அவங்ககிட்ட என்ன காகிதம் இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"உங்ககிட்ட?"

"என்கிட்டயும் இல்ல."

"அப்ப இல்லன்னு சொல்லிடுங்க. உலகத்துல டீக்கறை டயல் ஒண்ணுதானா இருக்கு?"

"சொல்லலாம். சொன்னா போயிடுவாங்க. அவங்க போனதுக்கப்புறம் நான் அதே ஸ்டூல்ல உக்காரணும்ல."

"ஆமா, பெரிய சிம்மாசனம்." அவள் ஈரக் கையை உதறினாள். "என்னங்க, அவன் திருடன் இல்லங்க. பதினாறு வருஷமா ஊரான் வீட்டு நோயாளிக்கு மலம் மூத்திரம் அள்ளியிருக்கான். ஒரு வீட்ல ஒரு கரண்டி காணோம்னு பேச்சு வந்ததில்ல. இப்ப ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரன் சர்டிபிகேட் இல்லாதவனுக்கு வேலை இல்லைன்னுட்டான். சர்டிபிகேட் வகுப்புக்குப் பீஸ் கட்டணும்னு தவிச்சான். அந்தப் பெரியவர் பார்த்துக் குடுத்தாரு. இதுல என்ன தப்பு?"

"குடுத்தாருன்னா தப்பே இல்ல."

"குடுத்தாருன்னுதானே சொல்றான்!"

"அவன் சொல்றான். நான் கேக்கல. மத்தவன்கிட்ட கேட்டிருப்பேன், இவன்கிட்ட கேக்கல. உன் தம்பிங்கிறதால கேக்கல."

அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு பருப்பைக் கடைய ஆரம்பித்தாள். மத்து பாத்திரத்தில் இடிக்கிற சத்தம் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தம்பி இரவு வேலை முடிந்து வந்தான். ஆறடிக்குமேல் உயரம், நோயாளிகளைத் தூக்கித் தூக்கி முதுகு முன்னால் வளைந்திருக்கும். தெருவில் எல்லாருக்கும் அவன் நெட்டையன்தான். தொங்குகிற துணிகளைத் தலையால் விலக்கிக்கொண்டே வந்து, கைகால் கழுவி, தட்டின் முன்னால் உட்கார்ந்தான். அக்கா சோறும் பருப்பும் ஒரு முட்டையும் வைத்தாள். அவளுக்கு அன்று வார விடுமுறை.

"மாப்ள, அந்த வாட்சைக் குடுத்தப்ப பெரியவர் என்ன சொன்னாரு?" என்று கடிகாரக்காரர் கேட்டார்.

நெட்டையனின் கை சோற்றிலேயே நின்றது.

"அன்னைக்கே சொன்னேனே மாமா. வச்சுக்கோன்னாரு."

"எப்ப சொன்னாரு?"

"காலையில. குளிக்கப் போறப்ப."

"குளிக்கப் போறப்ப எல்லாருமே வாட்சைக் கழட்டித்தான் மாப்ள குடுப்பாங்க."

"அவனை முதல்ல சாப்பிட விடுங்க," என்றாள் அக்கா.

"இல்லக்கா, சொல்றேன்." அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "தினமும் குடுப்பாரு. கழட்டி என் உள்ளங்கையில வச்சு, வச்சுக்கோம்பாரு. குளிச்சு, தலை துவட்டி, சட்டை போட்டதும் கையை நீட்டுவாரு. நான் கட்டிவிடுவேன். மூணு வருஷமா இதான். அன்னைக்கு அவர் கையை நீட்டல. நான்தான் நீட்டினேன். ஐயா, உங்க வாட்சுன்னேன். என் விரலை ஒண்ணொண்ணா மடக்கி, கையை மூடிட்டு, நீயே வச்சுக்கோன்னாரு."

"நீயே வச்சுக்கோன்னாரா, வச்சுக்கோன்னாரா?"

நெட்டையன் நிமிர்ந்தான். இரவு முழுக்கத் தூங்காத கண்கள்.

"அன்னைக்கு நீயேன்னுதான் கேட்டுச்சு. இப்ப நீங்க கேக்குறப்ப எனக்கே தெரியல மாமா. இந்தப் பதினஞ்சு நாள்ல அதை எத்தனை தடவ மனசுக்குள்ள சொல்லிப் பார்த்திருப்பேன்! சொல்லிச் சொல்லி, இப்ப அவர் குரல் போயிட்டு என் குரல்தான் கேக்குது."

"அவருக்கு நினைவு எப்படி?"

"சில நாள் எல்லாம் தெரியும். மின்நிலையத்துல ஷிப்ட் இன்ஜினியரா இருந்தாருல்ல, எந்த வருஷம் எந்த மிஷின் நின்னுச்சுன்னு மணி நிமிஷத்தோட சொல்லுவாரு. சில நாள் என்னை அவரோட அண்ணன்னு நினைச்சுக்குவாரு."

"அன்னைக்கு?"

"அன்னைக்கு அண்ணன்னுதான் கூப்பிட்டாரு."

அடுப்பில் எதுவும் இல்லாதபோதும் அக்கா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"மேடம்கிட்ட ஏன்டா சொல்லல நீ?" என்றாள் சுவரைப் பார்த்து.

"சொன்னா வாங்கிக்குவாங்கன்னு தெரியும்க்கா."

நெட்டையன் தட்டில் சோற்றை விரலால் ஒதுக்கினான்.

"அன்னைக்கு ராத்திரி போனப்ப மணிக்கட்டைத் தடவித் தடவிப் பார்த்தாரு. மணி என்னன்னு கேட்டாரு. நான் செல்லைப் பார்த்துச் சொன்னேன். அப்பவே திருப்பி வாங்கிடலாம்னு நினைச்சேன். பீஸ் கட்டியாச்சே, எந்த முகத்தோட உங்ககிட்ட வந்து கேப்பேன்? மேடம் பத்து நாள் கழிச்சுத்தான் கவனிச்சாங்க, அப்பா கை வெறுங்கையா இருக்குன்னு."

"பெத்த அப்பன் கையைப் பத்து நாளா பார்க்காதவங்களுக்கு வாட்ச் ஒரு கேடா!" அக்கா பட்டென்று திரும்பினாள். "நீங்க இல்லன்னே சொல்லுங்க. எதுக்குக் குடுக்கணும்?"

"குடுத்துடலாம் மாமா," என்றான் நெட்டையன். "நானும் வரேன்." முட்டையைத் தொடாமல் எழுந்துபோய்க் கை கழுவினான்.

டீச்சரின் வீடு மேட்டுத் தெருவில் இருந்தது. கதவைத் திறந்தவர் கடிகாரக்காரரைப் பார்த்து நம்பிக்கையோடு புன்னகைக்கப் போனார். பின்னால் குனிந்து நின்ற நெட்டையனைக் கண்டதும் அந்தப் புன்னகை பாதியில் நின்றது.

"நீங்களா தம்பி?"

"ஆமா மேடம்."

"எடுத்தீங்களா?"

"குடுத்தாரு மேடம். ஆனா நான் வாங்கியிருக்கக் கூடாது."

டீச்சர் கதவைப் பிடித்திருந்த கையை எடுத்தார். பிறகு வழிவிட்டார். கூடத்தில் ஜன்னலோரம் பெரியவர் நாற்காலியில் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான்கள் துளை மாறிப் போடப்பட்டிருந்தன.

கடிகாரக்காரர் வாட்சை எடுத்துக் கொடுத்தார். டீச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இல்லையே," என்றார்.

"இதான் மேடம்."

"அப்பா வாட்ச்ல விரிசல் இருக்கும். இது பளபளன்னு இருக்கு. ஏதோ ஒண்ணைக் குடுத்துத் தப்பிச்சுக்கப் பாக்குறீங்களா?"

கடிகாரக்காரருக்கு அந்த அலுப்பிலும் சிரிப்பு வரப் பார்த்தது. இத்தனை வருஷமும் வாசலில் வந்து நிற்கிறவன் தன்னை நம்பவைக்கப் படாத பாடு படுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். இன்றைக்குத்தான் அந்தப் பக்கம் நிற்கிறார். பின்மூடியைத் திறந்து உட்பக்கத்துக் கீறல்களைக் காட்டினார். மூன்று தேதிகள் இருந்தன. டீச்சர் லென்ஸை வாங்கிப் பார்த்தார். எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். அந்தத் தேதிகளில் வாட்ச் பழுதானது அவருக்கு எப்படித் தெரியும்?

கடைசியில் கடிகாரக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். காலையில் கடையின் குப்பை டின்னைக் கொட்டிக் கிளறி எடுத்த பழைய கண்ணாடி அது. மங்கிப்போய், நாலு மணிப் பக்கம் மயிரிழை போல ஒரு விரிசல்.

டீச்சர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"மின்நிலையத்துல இரும்புப் படியில விழுந்தப்ப ஆனது. நான் ஆறாவது படிச்சேன். அம்மா கண்ணாடிய மாத்துங்க மாத்துங்கன்னு சொல்லிட்டே இருப்பாங்க. மணி தெரியுதுல்ல, போதும்பாரு." வாட்சைத் தந்தையிடம் கொண்டுபோனார். "அப்பா, இங்க பாருங்க. உங்க வாட்ச்."

பெரியவர் வாங்கிப் பார்த்தார். மரியாதையாக, "நல்லா இருக்கே. யாருது?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

டீச்சர் மறுபடி அவர் கையில் வைத்தார். அவர் மறுபடி கொடுத்தார். மூன்றாம் முறை கோபம் வந்து, "எனக்கு எதுக்கு அடுத்தவன் வாட்ச்?" என்றார்.

கடிகாரக்காரர் வாட்சை வாங்கிக்கொண்டு, "ஒரு மணி நேரத்துல வரேன்," என்று மழையில் இறங்கினார். உடைந்த கண்ணாடியைக் கழற்றி நல்லதைப் போட்டு எத்தனையோ வாட்சுகளைப் பிழைக்க வைத்திருக்கிறார். நல்லதைக் கழற்றிவிட்டு உடைந்ததை மாட்டுவது இதுதான் முதல் தடவை. கை அந்த வேலைக்கு உடன்படவில்லை. இரண்டு தடவை வழுக்கியது. எட்டிப் பார்த்த சாவிக்காரர், "கண்ணு போயிடுச்சா? விரிசலை உள்ள வச்சு மூடுறே?" என்றார்.

"கேட்டவங்களுக்கு அதான் வேணுமாம்."

திரும்பக் கொண்டுவந்து கொடுத்தபோது பெரியவர் கட்டைவிரலால் கண்ணாடியைத் தடவினார். விரல் விரிசலில் போய் நின்றது. முகத்தில் பெரிய மாறுதல் ஒன்றும் இல்லை. இடக்கையை மட்டும் முன்னால் நீட்டினார்.

நெட்டையன் பழக்கத்தில் ஓர் அடி எடுத்து வைத்தான்.

"நான் கட்டுறேன்," என்றார் டீச்சர். குனிந்து வாரை இழுத்தார், இறுக்கமாக இருந்தது, தளர்த்தினார், நழுவியது.

"மூணாவது ஓட்டை மேடம்," என்றான் நெட்டையன்.

கட்டி முடித்து நிமிர்ந்தவர் அவனைப் பார்க்காமல் சொன்னார்: "நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம் தம்பி. ஏஜென்சிக்கு நான் எதுவும் சொல்லப் போறதில்ல. அவ்வளவுதான் என்னால முடியும்."

நெட்டையன் பெரியவர் பக்கம் போய், மாறிப் போட்டிருந்த சட்டைப் பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டு வெளியே வந்தான். தெரு முனைவரை இரண்டு பேரும் ஒரே குடையில் நடந்தார்கள். உயரம் ஒத்துப்போகாமல் இரண்டு பேருமே நனைந்தார்கள்.

"பீஸ் காசை எப்படியாவது..." என்று அவன் ஆரம்பித்தான்.

"சும்மா வா மாப்ள. காலில தண்ணி ஏறுது பாரு."

அதன்பிறகு வீட்டில் ஒரு வாரம் பேச்சு சுருங்கிப்போனது. மனைவி அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "சோறு இருக்கு", "கதவைச் சாத்துங்க" என்று இரண்டு இரண்டு வார்த்தையாக உதிர்த்தாள். தம்பியோடு கூடச் சரியாகப் பேசவில்லை. யாரிடம் கோபப்படுவது என்றே அவளுக்குப் பிடிபடவில்லை. இஸ்திரி மேசை முன்னால் நிற்கும்போது எல்லார்மேலும் வருகிற கோபம், வீட்டுக்கு வந்து அந்த இரண்டு முகங்களைப் பார்த்ததும் வெறும் அசதியாகிவிடும். நெட்டையன் பகலில் சர்டிபிகேட் வகுப்புக்குப் போய்வந்தான். அங்கே ஒரு பிளாஸ்டிக் பொம்மையைக் கட்டிலில் படுக்கப்போட்டு, நோயாளியைக் குளிப்பாட்டுவது எப்படி என்று இருபது வயதுப் பெண் ஒருத்தி சொல்லித்தந்தாள்.

"பொம்மை எப்படிரா இருக்கு?" என்று கடிகாரக்காரர் கேட்டார்.

"தங்கமான மனுஷன் மாமா. தூக்கினா கனமில்ல, திட்ட மாட்டாரு, கிள்ள மாட்டாரு."

எட்டாம் நாள், மழை கொஞ்சம் விட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. டீச்சர் விசாரித்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். தொங்குகிற துணிகளுக்கு அடியில் தலையைக் குனிந்து வந்து நின்றார். கண்ணைச் சுற்றிக் கருவளையம். ஒரு முழங்கையில் நகக்கீறல்.

மனைவி உட்காரச் சொல்லவில்லை. கடிகாரக்காரர்தான் ஸ்டூலை இழுத்துப்போட்டார்.

"ஏஜென்சியில ரெண்டு பேரை அனுப்பினாங்க. ரெண்டு பேருக்கும் சர்டிபிகேட் இருக்கு. முதல் ஆளை அப்பா குளியலறைக்குள்ளயே விடல. ரெண்டாவது ஆளைக் கடிச்சுட்டார்."

நெட்டையன் சட்டென்று சிரித்துவிட்டான். அக்கா முறைத்ததும் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"அஞ்சு நாளா குளிக்கல. என்னையும் கிட்ட சேர்க்க மாட்டேங்கிறார்." டீச்சர் அவன் பக்கம் திரும்பினார். "வந்துடுங்க தம்பி. நடந்ததை விட்டுடலாம்."

"விட்டுடலாமா?" என்றாள் மனைவி. இஸ்திரி போடுகிற பெண்களுக்கே உரிய உரத்த குரல். ஆவிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி வந்தது. "நீங்க விட்டுடுவீங்கம்மா. நாளைக்கு உங்க வீட்ல ஒரு மோதிரம் காணாமப் போகும். அப்ப முதல்ல யார் முகம் ஞாபகம் வரும்? இவன் முகம். அவன் வரமாட்டான்."

"நான் அப்படி..."

"நீங்க நல்லவங்கதான். அதனாலதான் வாயால சொல்ல மாட்டீங்க. மனசுல நினைப்பீங்க. நான் உங்க இடத்துல இருந்தாலும் நினைப்பேன்."

டீச்சர் மறுக்கவில்லை. மறுக்காதது மனைவிக்குப் பிடித்திருந்திருக்க வேண்டும். உள்ளே போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

நெட்டையன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நீளமான கால்களை மடக்கிக்கொண்டு யோசித்தான்.

"வரேன் மேடம். ஒரே ஒரு விஷயம். குளிக்க வைக்கிறப்ப நீங்களும் உள்ள இருக்கணும்."

"நானா?"

"ஆமா. கழட்டுறது, குளிக்கிறது, திருப்பிக் கட்டுறது, எல்லாம் உங்க கண் முன்னாடி நடக்கணும். அவர் எனக்கு எதைக் குடுத்தாலும், என்ன சொன்னாலும், உங்க காதுல விழணும். இனிமே நான் தனியா எதையும் கேக்க விரும்பல."

டீச்சர் தண்ணீர்த் தம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

"தம்பி, அவர் என் அப்பா. எனக்கு... அவருக்கும் சங்கடமா இருக்காதா? அதுக்குத்தானே ஒரு ஆளை வச்சேன்."

"இருக்கும் மேடம். எனக்கும் முதல் நாள் இருந்துச்சு. இடுப்புல ஒரு துண்டு கட்டியிருப்பாரு. நீங்க நினைக்கிற அளவுக்கு இல்ல."

டீச்சர் தம்ளரை ஓரமாக நகர்த்திவிட்டு, "எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"ஆறு."

முதல் நாள் டீச்சர் குளியலறை வாசலில் சுவரைப் பார்த்தபடி நின்றார். உள்ளே தண்ணீர்ச் சத்தமும், நெட்டையன் பேசுகிற சத்தமும் கேட்டன. "கையைத் தூக்குங்க ஐயா. அந்தக் கை. முதுகைத் தேய்க்கட்டுமா? சூடு போதுமா?" மூன்று வருஷமாகத் தன் வீட்டில் தினமும் நடந்த பேச்சை ஒரு நாளும் அவர் கேட்டதில்லை. ஆறு மணிக்கு அவர் மேஜையில் விடைத்தாளோடு உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கூடத்துக்கு முதலில் போய்க் கதவைத் திறக்கிறவர் அவர்தான்.

இரண்டாம் நாள் உள்ளே வந்து, துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். தந்தையின் முதுகில் இடது தோளுக்குக் கீழே ஒரு பெரிய தீத்தழும்பு இருப்பதை அன்றுதான் பார்த்தார். அது எப்போது ஆனது என்று நெட்டையனைக் கேட்டார். அவன் சொன்னான்: மூன்றாம் நம்பர் கொதிகலன், ஆவிக்குழாய் வெடித்தது, விடியற்காலை நாலு இருபது. வீட்டில் சொல்லவில்லையாம், பயப்படுவார்கள் என்று. மூன்றாம் நாள் குவளையை வாங்கித் தோளில் ஊற்றினார். தண்ணீர் முகத்தில் தெறித்தது. பெரியவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "மெதுவா, மெதுவா," என்றார். தள்ளிவிடவில்லை.

ஐந்தாம் நாள் நெட்டையன் வீட்டுக்கு வரும்போது ஒன்பது மணி தாண்டிவிட்டது. அக்கா வேலைக்குக் கிளம்பி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அவன் வருவதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"ஏன்டா இவ்வளவு லேட்டு? மறுபடி என்ன பிரச்சினை?"

"ஒரு பிரச்சினையும் இல்லக்கா. மேடம் இன்னைக்கு அவங்களே தலை துவட்டுறேன்னாங்க. பழக்கமில்லையா, ஒவ்வொரு முடியா துவட்டுறாங்க. அவர் பாட்டுக்குத் தலையைக் குடுத்துட்டு உக்காந்திருக்காரு. நான் எப்படி அவசரப்படுத்துறது? கதவுகிட்டயே நின்னுட்டேன்."

"பள்ளிக்கூடம் போகலையா அவங்க?"

"மணி பார்க்கவே இல்லக்கா."

உள்ளே கடிகாரக்காரர் கடைக்குப் போக சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அவளுடைய பஸ் போயிருக்கும். அடுத்ததில் போனால் மேற்பார்வைக்காரி வாயில் விழ வேண்டும். அவள் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். ஆறிப்போன பருப்பைச் சூடுபண்ணி, மூன்று தட்டு எடுத்து வைத்தாள்.

"நீங்களும் உக்காருங்க," என்றாள் கணவரைப் பார்த்து. "சட்டையை அப்புறம் போட்டுக்கலாம்."